2147483647: ஒரு பெரிய பகா எண்ணைப் படிப்படியாக அறிந்துகொள்வது எப்படி

பகா எண்களில் ஆர்வம் வந்தவர்கள் முதலில் தேடுவது “இதுவரை கண்டுபிடித்ததில் மிகப் பெரியது எது?” என்பதைத்தான். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் இருக்கின்றன. பார்த்து வியக்கலாம். ஆனால் நோட்டில் எழுதிப் பார்க்கவோ, தட்டிக் கொட்டிச் சோதிக்கவோ முடியாது. எனவே புதிதாக வருபவர்களுக்கு நான் எப்போதும் வேறோர் எண்ணைத்தான் சொல்வேன்: 2147483647. அதாவது 2³¹ − 1. நம் முறையில் படித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

பத்தே இலக்கங்கள்தான். ஆனால் நான்கு கோடி இலக்க எண்ணும் இதுவும் ஒரே குடும்பம். அதன்மேல் கணினிகள் செய்த சோதனையின் அதே படிகளை இதன்மேல் நீங்கள் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். பெரிய பகா எண் ஒன்றை அறிவதற்கு அதன் அளவு முக்கியமில்லை, அதன் வடிவம்தான் முக்கியம். இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவு என்ற அந்த ஒரு தகவலிலிருந்தே எவ்வளவு கறக்க முடிகிறது என்று பாருங்கள்.

என்னென்ன தேவை

பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். அடுக்கு, வர்க்கம், மீதி, காரணி ஆகிய நான்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நோட்டு, 12 இலக்கம் காட்டும் கால்குலேட்டர் ஒன்று. கடைசிப் படிகளுக்குக் கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழி இருந்தால் நல்லது. அதில் முழு எண்கள் எவ்வளவு நீளமானாலும் பிழையில்லாமல் வரும். ** என்றால் அடுக்கு, % என்றால் மீதி. எக்செல் வேண்டாம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். நமக்கு 19 இலக்க எண்கள் வரப்போகின்றன. எக்செல் கடைசி இலக்கங்களைச் சுழியாக்கிவிட்டு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான மீதியைக் காட்டும்.

எழுத வசதியாக, இனி நம் எண்ணை ‘ப’ என்றே அழைப்போம்.

படி 1: எண்ணை நீங்களே உருவாக்குங்கள்

யாரோ சொன்ன எண்ணாக இது இருக்கக்கூடாது. 2¹⁰ = 1024. அதை வர்க்கப்படுத்தினால் 2²⁰ = 1048576. அதை 1024-ஆல் பெருக்கினால் 2³⁰ = 1073741824. இரட்டித்தால் 2³¹ = 2147483648. ஒன்றைக் கழித்தால் ப வந்துவிட்டது.

இரும முறையில் எழுதினால் 2³¹ என்பது ஒரு 1, அதன் பின்னால் 31 சுழிகள். அதில் ஒன்றைக் குறைத்தால் வரிசையாக 31 ஒன்றுகள், வேறு எதுவுமில்லை. இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியிலும் ஆறாம் படியிலும் இதுதான் கைகொடுக்கும்.

படி 2: அடுக்கில் இருக்கும் 31-ஐப் பாருங்கள்

2-இன் அடுக்கில் ஒன்று குறைத்தால் பகா எண் வர வேண்டும் என்றால், அந்த அடுக்கே பகா எண்ணாக இருந்தாக வேண்டும். காரணம் எளிது. அடுக்கு 6 என்று வையுங்கள். இரும முறையில் 111111. அதை 11, 11, 11 என்று மூன்று துண்டாகவும் பார்க்கலாம், 111, 111 என்று இரண்டு துண்டாகவும் பார்க்கலாம். ஆகவே 63 என்ற எண் 3-ஆலும் வகுபடும், 7-ஆலும் வகுபடும். அடுக்கைச் சமத் துண்டுகளாக வெட்ட முடிந்தால் எண்ணையும் வகுக்க முடியும். 31-ஐ அப்படி வெட்ட முடியாது.

ஆனால் இந்த விதி ஒரு பக்கம்தான் செல்லும். அடுக்கு பகா எண்ணாக இருப்பதாலேயே விடை பகா எண்ணாகிவிடாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்கியிருக்கிறார்கள். இத்தாலியரான பியெத்ரோ கட்டால்டி 17, 19 ஆகிய அடுக்குகள் பகா எண் தருகின்றன என்று சரியாகவே நிறுவினார். கூடவே 23, 29, 31, 37 ஆகியவையும் தரும் என்றார். அந்த நான்கில் 31 மட்டுமே நின்றது. 1644-இல் மரென் மெர்சென் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது. இந்தக் குடும்பத்துக்கே மெர்சென் பகா எண்கள் என்ற பெயர் அவரால்தான் வந்தது. ஆனால் அவர் பட்டியலிலிருந்த 67-ம் 257-ம் தவறு. 61, 89, 107 விடுபட்டுப் போயின. ஆக, 31 பட்டியலில் இருந்தது என்பது ஆதாரமாகாது. யாராவது நிறுவ வேண்டும்.

படி 3: எவையெல்லாம் வகுக்கக்கூடும் என்று சலித்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அவசரம் வேண்டாம்.

சாதாரண வழி எல்லோருக்கும் தெரியும்: வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது. 46340² = 2147395600, 46341² = 2147488281. நம் ப இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே 46340 வரை சோதித்தால் போதும். அதுவரை உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4800. கையால் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும். இதைக் குறைக்கலாம்.

ப-வை மீதியின்றி வகுக்கும் ஒரு பகா எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ‘வ’ என்போம். வ-ஆல் ப வகுபடுகிறது என்றால், 2³¹-ஐ வ-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். இப்போது 2, 4, 8, 16 என்று அடுக்குகளை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றையும் வ-ஆல் வகுத்து மீதியை எழுதிக்கொண்டே போங்கள். ஏதோ ஓர் இடத்தில் மீதி 1 வரும். அங்கிருந்து அதே வரிசை திரும்பத் திரும்ப வரும். இந்தச் சுழற்சியின் நீளம் 31-ஐ வகுத்தாக வேண்டும், ஏனென்றால் 31-ஆவது இடத்தில் 1 வருகிறது. 31 பகா எண். அப்படியானால் நீளம் 1 ஆகவோ 31 ஆகவோதான் இருக்க முடியும். நீளம் 1 என்றால் 2-ஐ வகுத்த மீதியே 1 என்று ஆகும், அது நடக்காது. ஆகவே நீளம் சரியாக 31.

இங்கே பியேர் த ஃபெர்மா 1640-இல் கண்ட சிறிய தேற்றத்தை உள்ளே கொண்டுவாருங்கள். வ ஓர் ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2-இன் (வ − 1) அடுக்கை வ-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த இடத்திலும் சுழற்சி முடிகிறது என்று பொருள். எனவே 31 என்பது வ − 1-ஐ வகுக்கும். வ ஒற்றைப்படை, அதனால் வ − 1 இரட்டைப்படை. ஆக 62-ம் வகுக்கும். ஒரே அடியில் பெரும் கூட்டம் வெளியேறிவிட்டது. 63, 125, 187, 249, 311 என்று 62-62 ஆகத் தாண்டும் வரிசையில் உள்ள பகா எண்கள் மட்டுமே மிச்சம்.

இன்னொரு சல்லடையும் உண்டு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆக, வ-ஆல் வகுக்கும்போது மீதி 2 வரும் ஒரு வர்க்க எண் இருக்கிறது. எல்லாப் பகா எண்களுக்கும் இந்த வசதி கிடையாது. 7-க்கு உண்டு (3² = 9, மீதி 2). 17-க்கு உண்டு (6² = 36). 23-க்கும் உண்டு (5² = 25). 5-க்கும் 11-க்கும் இல்லை; எல்லா வர்க்கங்களையும் எழுதிப் பார்த்துவிடலாம். பொதுவிதி என்னவென்றால், 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 தரும் ஒற்றைப்படைப் பகா எண்களுக்கு மட்டுமே இது நடக்கும். இதன் நிறுவல் எண் கோட்பாட்டுப் பாடநூல் எல்லாவற்றிலும் உண்டு. இப்போதைக்கு 50 வரை சோதித்து நம்பிக்கை பெற்றுக்கொண்டு, நிறுவலை அப்புறம் படியுங்கள்.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், வ என்பதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர வேண்டும். 46340-க்குள் அப்படிப்பட்ட எண்களை எண்ணுங்கள். 249-இலிருந்து 46129 வரை 186 எண்கள். 63-இலிருந்து 46191 வரை 187 எண்கள். 63 தானே 9 × 7, அதை விட்டுவிடலாம். மீதமுள்ளவை 372. அவற்றிலும் 3, 5, 7 போன்றவற்றால் வகுபடுபவற்றைத் தள்ளினால் நூற்றுக்கும் குறைவான பகா எண்களே எஞ்சும். 4800-இலிருந்து இந்த அளவுக்கு வந்துவிட்டோம்.

1772-இல் லியோனார்ட் ஆய்லர் இந்த வழியில்தான் ப ஒரு பகா எண் என்று நிறுவி, பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். அப்போது அவருடைய பார்வை ஏறத்தாழ முழுவதும் போய்விட்டிருந்தது. கணக்கின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. அதற்குமுன் தெரிந்திருந்த மிகப் பெரிய மெர்சென் பகா எண் 2¹⁹ − 1, அதாவது 524287. ஆய்லரின் எண் 1876 வரை இந்தக் குடும்பத்தில் முதலிடத்தில் இருந்தது.

படி 4: வகுக்காமலே வகுத்துப் பாருங்கள்

இப்போது சோதனை. முதல் சில எண்களைப் பார்ப்போம். 249 = 3 × 83, தள்ளுங்கள். 311 பகா எண். இது ப-வை வகுக்கிறதா?

நேரடியாக வகுக்கலாம்தான். அதைவிட நல்ல வழி, 2³²-ஐ 311-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று மட்டும் பார்ப்பது. 2 வந்தால் வகுக்கும். வேறு எது வந்தாலும் வகுக்காது. 2¹⁶ = 65536; 311-ஆல் வகுக்க மீதி 226. 226² = 51076; மீதி 72. 2 இல்லை. 311 வெளியே. ஒரே ஒரு வர்க்கம், இரண்டு வகுத்தல், அவ்வளவுதான்.

அடுத்த தகுதியான பகா எண் 1303. 65536-க்கு மீதி 386. 386²-க்கு மீதி 454. அதுவும் வெளியே. அடுத்தது 1489. 65536-க்கு மீதி 20, அதன் வர்க்கம் 400. அதுவும் இல்லை. இந்த மூன்றையும் நீங்களே போட்டுப் பாருங்கள். விடை ஒத்துவந்தால் முறை கைக்கு வந்துவிட்டது. மீதியை நோட்டில் போடலாம், அல்லது பைத்தானில் ஒரு சிறு சுழற்சி எழுதி 46191 வரை ஓட்டிவிடலாம். கண் இமைக்கும் நேரத்தில் முடியும். எங்குமே 2 வராது. ப பகா எண் என்று நீங்களே நிறுவியாயிற்று.

முறை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிய, தோற்கும் எண் ஒன்றிலும் சோதிக்க வேண்டும். இதைத் தவறவிடாதீர்கள். எப்போதும் “இல்லை” என்றே சொல்லும் சோதனையால் என்ன பயன்? 2²⁹ − 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 58-58 ஆகத் தாண்ட வேண்டும். 59-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 3, தகுதியில்லை. 117-ம் 175-ம் பகா எண்களே அல்ல. அடுத்தது 233, பகா எண், 8-ஆல் வகுத்தால் மீதி 1. 2¹⁵ = 32768-ஐ 233-ஆல் வகுக்க மீதி 148. 148² = 21904, மீதி 2. பிடிபட்டது! தகுதி பெற்ற முதல் எண்ணே வகுத்துவிடுகிறது. 2²⁹ − 1 = 233 × 1103 × 2089. கட்டால்டியிடம் இந்தச் சல்லடை இருந்திருந்தால் 29-ஐப் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்.

படி 5: லூக்காஸ்-லேமர் சோதனை

மேலே சொன்ன வழி பத்து இலக்கத்துக்குச் சரி. நூறு இலக்கம் என்றால் எத்தனை சல்லடை போட்டாலும் முடியாது. அங்கே வேலைக்கு வருவது வேறொரு சோதனை. எதுவார் லூக்காஸ் 1870-களில் கண்டதை டி. எச். லேமர் 1930-களில் இன்றைய எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். காரணிகளையே தேடாமல் “பகா எண்தான்” அல்லது “இல்லை” என்று தீர்மானமாகச் சொல்லிவிடும்.

செய்முறை இதுதான். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்க வேண்டும்.

31 என்ற எண்ணில் (2⁵ − 1) தொடங்குவோம், மூன்று முறை: 4 → 14 → 8 → 0. பகா எண்.

127-க்கு (2⁷ − 1) ஐந்து முறை: 4 → 14 → 67 → 42 → 111 → 0. பகா எண்.

2047-க்கு (2¹¹ − 1) ஒன்பது முறை: 4 → 14 → 194 → 788 → 701 → 119 → 1877 → 240 → 282 → 1736. சுழி வரவில்லை. 23 என்ற காரணியைக் கண்ணால் பார்க்காமலேயே, இது பகு எண் என்று சொல்லிவிட்டோம்.

இந்த மூன்றையும் நோட்டில் கையால் போடுங்கள். போடும்போது ஒரு சுருக்குவழி பயன்படும். 127-ஆல் வகுப்பதற்குப் பதில் 128-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிவிடலாம். 67² − 2 = 4487. அது 35 × 128 + 7. கூட்டினால் 42. அதே விடை. 128-ஐ 127-ஆல் வகுத்த மீதி 1 என்பதால்தான் இது நடக்கிறது. இரும முறையில் 128-ஆல் வகுப்பது என்பது கடைசி ஏழு இலக்கங்களைத் தனியே வெட்டி எடுப்பதுதான். கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. கோடிக்கணக்கான இலக்கமுள்ள மெர்சென் எண்களைச் சோதிக்க முடிவதற்கு இந்தச் சலுகை ஒரு முக்கியக் காரணம். சாதனைப் பட்டியலில் இந்தக் குடும்பமே திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான்.

நம் ப-வுக்கு 29 முறை செய்ய வேண்டும். முதல் சில எளிது: 4, 14, 194, 37634, 1416317954. அதற்கப்புறம் வர்க்கம் 19 இலக்கம் வரை போகும். பைத்தானிடம் விட்டுவிடுங்கள். 28-ஆவது முறையில் 65536 வரும், 29-ஆவதில் 0. அந்த 65536-ஐப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறதா? அது 2¹⁶. வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் 2³² − 2, அதாவது ப-வின் இரு மடங்கு. மீதி சுழியாவதில் வியப்பே இல்லை.

படி 6: ப-வின் மீதிகளுக்குள் கணக்குப் போடுங்கள்

பகா எண் என்று நிறுவியவுடன் பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் தொடங்க வேண்டும். ப-ஆல் வகுத்த மீதிகளை மட்டும் எண்களாக வைத்துக்கொண்டு கூட்டல், பெருக்கல் செய்தால், சுழியைத் தவிர எல்லா எண்ணாலும் வகுக்க முடியும். 2-ஆல் வகுக்க வேண்டுமா? 1073741824-ஆல் பெருக்குங்கள். 2 × 2³⁰ = 2³¹, மீதி 1. அரைக்கு அங்கே ஒரு முழு எண் கிடைத்துவிட்டது.

2-ஆல் பெருக்குவது இன்னும் அழகு. 31 இரும இலக்கங்களையும் ஓர் இடம் இடப்பக்கம் நகர்த்தி, வெளியே விழும் இலக்கத்தைக் கடைசியில் ஒட்டவைத்தால் அதுதான் விடை. 31 முறை செய்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவோம். மூன்றாம் படியில் பார்த்த அதே சுழற்சி.

2-இன் சுழற்சி இவ்வளவு குட்டையாக இருக்கிறதே, எல்லா மீதிகளையும் தொட்டுவிட்டு வரும் எண் உண்டா? உண்டு. அவற்றில் மிகச் சிறியது 7. இதைச் சோதிக்க ப − 1-இன் காரணிகள் வேண்டும்: 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. பெருக்கிச் சரிபாருங்கள். இதிலுள்ள ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள் ஒவ்வொன்றாலும் ப − 1-ஐ வகுத்து, வரும் எண்ணை 7-க்கு அடுக்காகப் போட்டு மீதி பாருங்கள். ஏழில் எதிலுமே 1 வரவில்லை என்றால் 7-இன் சுழற்சி முழு நீளம். பைத்தானில் ‘பவ்’ (pow) என்ற செயற்கூறுக்கு மூன்று எண்களைக் கொடுத்தால் அடுக்கையும் மீதியையும் ஒன்றாகவே கணக்கிட்டுத் தரும். நேரடியாக ** போட்டால் எண் பூதாகரமாகி நினைவகம் நிரம்பிவிடும்.

இதற்கு நடைமுறைப் பயனும் கிடைத்திருக்கிறது. 7⁵ = 16807. அடுக்கிலுள்ள 5, ப − 1-இன் காரணிகளில் இல்லை என்பதால் 16807-க்கும் முழு நீளச் சுழற்சிதான். 1-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் 16807-ஆல் பெருக்கி, ப-ஆல் வகுத்து மீதியை எடுங்கள்: 16807, 282475249, 1622650073, 984943658, … பார்வைக்கு ஒழுங்கே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் 214 கோடிக்கு மேற்பட்ட மீதிகள் எல்லாவற்றையும், ஒன்றைக்கூட விடாமல், ஒரு முறை தொட்ட பிறகுதான் மறுபடி 1 வரும். 1988-இல் ஸ்டீபன் பார்க்கும் கீத் மில்லரும் தற்போக்கு எண்களை உண்டாக்கக் குறைந்தபட்சத் தரமாக இதைப் பரிந்துரைத்தார்கள். நிரல் சரியா என்று பார்க்க ஓர் அடையாளமும் உண்டு: 10000-ஆவது எண் 1043618065 ஆக இருக்க வேண்டும். விளையாட்டு நிரலுக்கும் சிறிய ஒத்திகைகளுக்கும் இது போதும். கடவுச்சொல், பணப் பரிமாற்றம் போன்றவற்றுக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஒரே ஓர் எண்ணைப் பார்த்தாலே அடுத்த எண்ணை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

வர்க்கமூலம் எடுப்பதும் இங்கே சுலபம். ப-வை 4-ஆல் வகுத்தால் மீதி 3. இப்படிப்பட்ட பகா எண்ணில், ஓர் எண்ணுக்கு வர்க்கமூலம் இருந்தால், அந்த எண்ணுக்கு (ப + 1)/4 என்ற அடுக்கைப் போட்டாலே வர்க்கமூலம் வந்துவிடும். நம்முடைய ப-வுக்கு (ப + 1)/4 = 2²⁹. அப்படியென்றால் என்ன? 29 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தினால் வர்க்கமூலம் கிடைக்கிறது! முதலில் கேட்கும்போது நம்ப முடியாது. 2-ஐ எடுத்துச் செய்து பாருங்கள், 65536 வந்து நிற்கும். சில எண்களுக்கு வர்க்கமூலம் இருக்காது, 3 அப்படி ஒன்று. அதற்கு இதையே செய்தால் −3-இன் வர்க்கமூலம் வரும். ஒவ்வோர் எண்ணையும் அதன் எதிர்மறையையும் சேர்த்துப் பார்த்தால், சுழி நீங்கலாக, இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே வர்க்கமூலம் உண்டு.

அதே ‘மீதி 3’ இன்னொன்றும் சொல்கிறது. எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 3 வரவே வராது. எனவே ப-வை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது.

படி 7: கூடவே வரும் செவ்விய எண்

6-இன் காரணிகள் 1, 2, 3, கூட்டினால் 6. இப்படித் தன்னைத் தவிர மற்றக் காரணிகளின் கூடுதலுக்குச் சமமான எண்ணைச் செவ்விய எண் என்பார்கள். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணுக்கும் ஒரு செவ்விய எண் உண்டு என்பது யூக்ளிட் காலத்திலிருந்தே தெரியும். ப-வுக்கு உரியது 2³⁰ × ப = 2305843008139952128. அதன் காரணிகள் 1, 2, 4, … 2³⁰ வரை, பிறகு அவை ஒவ்வொன்றும் ப-ஆல் பெருக்கப்பட்டவை. முதல் வரிசையின் கூடுதல் 2³¹ − 1, அதாவது ப. இரண்டாம் வரிசையின் கூடுதல் ப × ப. மொத்தம் ப × (ப + 1) = ப × 2³¹. நம் செவ்விய எண்ணைப் போல் சரியாக இரு மடங்கு. அந்த எண்ணையே கழித்துவிட்டால் மிச்சம் அதுவேதான்.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத ஒன்றுக்காக யார் மெனக்கெடுவார்கள் என்ற பொருளில் எழுதினார். 1876-இல் லூக்காஸ் 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 39 இலக்கங்கள், முழுக்கக் கைக்கணக்கு. மெனக்கெட ஆள் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

கணினியில் இந்த எண்ணைச் சந்திக்கும்போது

நிரல் எழுதுபவர்களுக்கு ப வேறு விதமாகப் பழக்கம். 32 பிட்டில் (32 இரும இலக்கங்களில்) குறியுடன் வைக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுதான். ஒரு பிட் குறிக்குப் போக 31 ஒன்றுகள். 2014-இல் ‘கங்னம் ஸ்டைல்’ காணொளியின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டப்போன சமயத்தில் யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு எண்ணிக்கை ப-வைத் தொடும். அடுத்த நொடியில் எதிர்மறைக்குத் தாவிவிடும்.

இதற்கும் ப பகா எண்ணாக இருப்பதற்கும் தொடர்பு இல்லை. 16 பிட்டின் எல்லையான 32767 = 7 × 31 × 151. 64 பிட்டின் எல்லையான 2⁶³ − 1-ம் பகு எண்தான்; 63 = 9 × 7 என்பதைப் பார்த்தவுடனேயே இரண்டாம் படியை வைத்துச் சொல்லிவிடலாம். 8 பிட்டின் 127-ம் 32 பிட்டின் ப-வும் பகா எண்களாக அமைந்தது தற்செயல்.

அடுத்து என்ன செய்யலாம்

2¹³ − 1, 2¹⁷ − 1, 2¹⁹ − 1 மூன்றுக்கும் லூக்காஸ்-லேமர் சோதனையைச் செய்யுங்கள்; மூன்றிலும் சுழி வர வேண்டும். 2²³ − 1-க்கு மூன்றாம் படியின் சல்லடையைப் போடுங்கள். முதல் தகுதியான எண்ணே வகுக்கும். பெரிய அளவில் பங்கெடுக்க விரும்பினால் கிம்ப்ஸ் என்ற தன்னார்வத் திட்டம் 1996 முதல் நடக்கிறது. அதன் மென்பொருளை வீட்டுக் கணினியில் ஓடவிடலாம். தொடக்கத்தில் சொன்ன நான்கு கோடி இலக்க எண்ணும் அந்தத் திட்டத்தில் கிடைத்ததுதான்.

கடைசியாக ஒரு பயிற்சி. 2-இலிருந்து தொடங்கி, கிடைக்கும் பகா எண்ணையே அடுக்காகப் போட்டு ஒன்று குறைத்தால் 3, 7, 127 என்று பகா எண்களாகவே வருகின்றன. அடுக்கு 5 என்றால் 31, அடுக்கு 31 என்றால் நம் ப. அப்படியானால் ப-வையே அடுக்காகப் போட்ட எண், இரண்டின் ப-ஆவது அடுக்கில் ஒன்று குறைவான எண், பகா எண்ணா? அதில் 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். ஆனாலும் அது பகா எண் அல்ல என்று நீங்களே காட்டிவிடலாம். 295257526626031 அதை வகுக்கிறது. முதலில், இந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து ப-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி இருக்காது. 8-ஆல் வகுத்தால் மீதி 7. சல்லடை இரண்டிலும் தேறிவிட்டது. பிறகு 2-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி இந்த எண்ணால் வகுத்த மீதியை எடுங்கள். 31 முறை செய்த பிறகு திரையில் நிற்க வேண்டியது 2.